நோர்வே அண்ணை பார்த்த பன்னிரண்டு ஊர்கள்

நீக்கிலாப்பிள்ளை நோர்வேயில் இரண்டு வருடம் இருந்தவர். அதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தது.

மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் நீக்கிலாப்பிள்ளை என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ‘நோர்வே அண்ணை’ என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது யாராவது “என்ன குளிரப்பா” என்று வாய் திறந்தால் போதும். “இதென்ன குளிர்? லில்லஹாமரில நிண்டு பாக்கோணும்” என்று தொடங்கிவிடுவார். தொடங்கினால் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டாமல் முடிக்கமாட்டார். குறுக்காக ஒரு தழும்பு ஓடும். பனிச்சறுக்கில் விழுந்தபோது கம்பு கிழித்ததாம். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவரும் ஆசையாகத் தொடவிடுவார்.

உண்மையைச் சொன்னால் அவர் லில்லஹாமரைக் கண்ணால் கண்டதில்லை. பேர்கனைக் கண்டதில்லை. ஒஸ்லோவில் அவர் கண்டது விமான நிலையத்தை மட்டும்தான், அதுவும் வந்தபோது ஒரு தரம், போனபோது ஒரு தரம். அந்த இரண்டு வருடமும் அவர் இருந்தது வார்டோ என்ற ஊரில். நாட்டின் வடகிழக்கு மூலையில், கடலுக்குள் கிடக்கும் தீவு. பார்க்க வாருங்கள் என்று யாரும் யாரையும் கூப்பிடாத இடம். காற்றின் கொடுமையில் மரம் கூட வளராது. அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில், றப்பர் பூட்ஸும் நீல ஏப்ரனுமாக, கொட் மீனை முள் நீக்கி வெட்டிக்கொண்டு நின்றார். தழும்பு கத்தி போட்டது.

ஓர் அறையில் இரண்டு பேர். மற்றவன் மன்னாரைச் சேர்ந்த சூசைப்பிள்ளை. பின்னேரங்களில் மொழி வகுப்புக்குப் போய் நோர்வேஜிய மொழியைக் கரைத்துக் குடித்தவன். காலையில் முதலில் எழும்புகிறவனும் அவன்தான். தேநீர் ஊற்றி, தனக்கு ஒரு கரண்டி சீனி, நீக்கிலாப்பிள்ளைக்கு மூன்று கரண்டி போட்டு, “எழும்படா” என்று கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவான். சீனி எவ்வளவு என்று முதல் நாள் மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த அறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது, 1989ஆம் ஆண்டுடையது. பலசரக்குக் கடையில் சும்மா கொடுத்தது. மாதத்துக்கு ஒரு ஊர்: ஜனவரிக்குத் துரொம்சோ, பெப்ரவரிக்கு லில்லஹாமர், மேக்குப் பேர்கன் என்று பன்னிரண்டு. படத்துக்குக் கீழே நாலு வரி. நீக்கிலாப்பிள்ளைக்கு அந்த வருடந்தான் ஊரில் கலியாணப் பேச்சு முற்றாகியிருந்தது. பெண் அல்போன்சம்மா, வாத்தியாரின் மகள். மாப்பிள்ளைக்கு ஒஸ்லோவில் கந்தோரில் மேசை வேலை என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். வாத்தியாரின் மகளுக்கு மீன் செதிலைப் பற்றியா கடிதம் எழுதுவது? மாதம் பிறந்து தாள் திருப்பியவுடன் சூசைப்பிள்ளை கட்டிலில் சாய்ந்துகொண்டு அந்த நாலு வரியைத் தமிழாக்கிச் சொல்லுவான். “எழுதடா. பேர்கனில் கடற்கரையோரம் மர வீடுகள். வெயில் பட்டால், பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த புதுச் சட்டை போல இருக்கும்.” சட்டை மட்டும் சூசைப்பிள்ளையின் சொந்தச் சரக்கு. நீக்கிலாப்பிள்ளை அப்படியே எழுதி, ‘நேற்றுப் போய் வந்தேன்’ என்று ஒரு வரி சேர்ப்பார். மாதம் ஒரு ஊர் சுற்றும் மாப்பிள்ளை என்று வாத்தியார் தெருவெல்லாம் பெருமைப்பட்டார்.

டிசம்பருக்கு ஒஸ்லோ. அந்த மாதந்தான் கத்தி கையில் இறங்கியது. வார்டோவில் டிசம்பரில் சூரியன் எழும்பாது. கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் கிடந்தவருக்கு வேலை போய்விடும் என்ற பயம். வேலை போனால் விசாவும் சிக்கல்.  சூசைப்பிள்ளை தன் வேலை முறை முடிந்ததும் நீக்கிலாப்பிள்ளையின் மேசைக்கு மாறி, அவருடைய முறையையும் நின்றான். பத்தொன்பது நாள். காலிலே தண்ணீர் ஊறி வெடித்து, சப்பாத்துப் போடமுடியாமல் திரிந்தான். இதை ஒரு நாளும் மறக்கக்கூடாது என்று நீக்கிலாப்பிள்ளை கலண்டரில் அந்தப் பத்தொன்பது கட்டத்திலும் வலது கையால் ‘சூசை’, ‘சூசை’ என்று எழுதிவைத்தார்.

புது வருடத்துக்கு வேறு கலண்டர் கிடைக்கவில்லை. ஏப்ரலில் அவர் கனடாவுக்கு வெளிக்கிடும்வரை சுவரில் ஒஸ்லோதான். அப்படிப் பார்த்தால் நாலு மாதம் ஒஸ்லோவோடு இருந்தவன்தானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வார். மொன்றியலுக்கு அல்போன்சம்மா வந்து சேர்ந்த பிறகும் சூசைப்பிள்ளையின் கடிதங்கள் வந்தன. ‘தொழிற்சாலையில் உன்னைக் கேட்டார்கள்’ என்று எழுதியிருப்பான். மனைவி பார்த்துவிடுவாளோ என்ற பயத்தில் அவற்றை வேலைத்தலத்திலேயே கிழித்துப் போட்டார். பதில் எழுதவில்லை. மூன்று நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு கடிதமும் நின்றது.

இதெல்லாம் மண்ணுக்குள் போன கதை என்று அவர் நிம்மதியாக இருந்த காலத்தில்தான் மகள் றொசானா நோர்வே என்ற பேச்சை எடுத்தாள்.

றொசானா புவாண்ட்-கிளேரில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். பங்குச் சபையில் துடியான பிள்ளை. போன கோடையில் லூர்து போன கூட்டம் இந்த ஜூலையில் எங்கே போவது என்று தலையைச் சொறிய, “அப்பாவுக்கு நோர்வே தண்ணிபட்ட பாடு” என்று இவள் கையைத் தூக்கிவிட்டாள். இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஊர்களைத் தகப்பனிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். இணையத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. இராதா பின்னே? கலண்டர்காரன் பொய் சொல்லவில்லையே. கடைசி நாளுக்கு மட்டும் முகவரிக்கு இடம் விட்டு, ‘ஒஸ்லோ: அப்பா இருந்த வீடு’ என்று எழுதியிருந்தாள்.

“தெருப் பேர் என்னப்பா?”

“அதெல்லாம் இப்ப இடிச்சிருப்பாங்கள் பிள்ளை. பேந்து பாப்பம்.”

பேந்து, பேந்து என்று மார்ச் மாதம் வந்துவிட்டது. பெயர் கொடுத்தவர்களுக்கு ஊர்களைப் படம் போட்டு விளக்க, ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். றொசானா மடிக்கணினியோடு நின்றாள். நீக்கிலாப்பிள்ளை கோட்டு, டை எல்லாம் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் சீனியில்லாத தேநீரோடு திரைக்குப் பக்கத்தில் நின்றார். இருபது வருடமாக அவருக்குச் சர்க்கரை வியாதி.

அப்போதுதான் பங்குச் சபைச் செயலாளர் அரியரத்தினம் வாசலில் இருந்தே சத்தம் போட்டார். “நோர்வே அண்ணை! உங்களுக்கு ஒரு ஆளைக் கொண்டு வந்திருக்கிறன். என்ர மனுசியின்ர ஒண்டுவிட்ட தமையன். நோர்வேயில இருந்து நேற்றுத்தான் வந்தவர். நீக்கிலாப்பிள்ளை எண்டு ஒருத்தர் இஞ்ச இருக்கிறார் எண்டன், மனுசன் துள்ளிக் குதிச்சிட்டார்.”

அரியரத்தினத்துக்குப் பின்னால் நரைத்த தலையும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. முகம் எவ்வளவு மாறினாலும் சிரிப்பு மாறுவதில்லை. 

“டேய் நீக்கிலா!” என்றார் சூசைப்பிள்ளை. மண்டபம் முழுக்கக் கேட்டது. “எடேய், என்னைத் தெரியுதோ?” கதிரைகளுக்கு இடையால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

தெரியாதா? ஆனால் இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் பேர்கன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் அல்போன்சம்மா புதுச் சேலையோடு இருந்தாள். ‘தொழிற்சாலை’ என்ற ஒரு சொல் வெளியே வந்தால் முப்பத்தைந்து வருடம் சரிந்துவிடும். நீக்கிலாப்பிள்ளையின் வாய், அவரைக் கேட்காமலே திறந்தது.

“மன்னிக்கோணும். எனக்கு உங்களை ஆரெண்டு பிடிபடேல்லை. நான் ஒஸ்லோவில இருந்தனான்.”

விரித்த கைகள் அப்படியே நின்றன. பிறகு மெதுவாக இறங்கின. சூசைப்பிள்ளை அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பேர்கனின் மர வீடுகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியது நீக்கிலாப்பிள்ளைக்கும் தெரிந்தது.

“ஓமோம்,” என்றார் சூசைப்பிள்ளை. “எனக்குத்தான் மாறிப்போச்சு. அது வேற ஒரு நீக்கிலாப்பிள்ளை. வயசு போனால் இப்பிடித்தான்.” அரியரத்தினத்தைப் பார்த்து வெட்கப்பட்டவர் போலச் சிரித்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வெட்கப்படவேண்டியவன் முன்னால் டை கட்டிக்கொண்டு நிற்க, அந்த மனுசன் வெட்கப்பட்டதுதான் கொடுமை.

“சொல்லுங்கோ அப்பா, பேர்கன்,” என்றாள் றொசானா.

சொன்னார். என்ன செய்வது, சொல்லத்தான் வேண்டும். “பேர்கனில கடற்கரையோரம் மர வீடுகள். வெயில் பட்டால், பெட்டியிலிருந்து இப்பதான் எடுத்த புதுச் சட்டை மாதிரி…” முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்த வாக்கியம். அதைக் கட்டிக்கொடுத்தவன் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். சட்டையோடு அவருடைய நாக்கு ஒட்டிப்போயிற்று. தேநீரைக் குடித்தார். ஓலசுண்ட் சொன்னார், ஸ்தவாங்கர் சொன்னார். ஒவ்வொரு ஊரும் அந்தக் கட்டிலில் சாய்ந்திருந்த குரலில்தான் அவருக்குள்ளிருந்து வந்தது.

“நோர்வே ஐயா, எங்கட அண்ணை சொல்லுறதெல்லாம் சரியோ?” என்று ஒரு பெண் திரும்பிக் கடைசி வரிசையைக் கேட்டாள்.

“சரி, சரி. வடிவாச் சொல்லுறார்,” என்றார் சூசைப்பிள்ளை. “பேர்கனில மட்டும் கூடுதலா மழைதான் பெய்யும். அண்ணை நல்ல நாளாய்ப் பாத்துப் போயிருப்பார். நீங்கள் குடை கொண்டுபோங்கோ.”

“உங்கட ஊர் எது ஐயா? அங்க பாக்க என்ன இருக்கு?” இது றொசானா.

“வார்டோ. பாக்க ஒண்டுமில்லைப் பிள்ளை. கடலும் காத்தும். ஆனால் வந்தியள் எண்டால் என்ர வீட்டில எல்லாருக்கும் சாப்பாடு இருக்கு.”

கூட்டம் கலைந்து, ரோல்ஸும் தேநீரும் முடிந்து, எல்லோரும் கோட்டுகளைத் தேடும்போது சூசைப்பிள்ளை பக்கத்தில் வந்தார். யாரும் கேட்காத குரலில், கையிலிருந்த பையை நீட்டினார்.

“இது ஒரு கூட்டாளிக்கெண்டு கொண்டு வந்தனான். ஆளைக் காணேல்லை. நீங்கள் வைச்சிருங்கோ. சனத்துக்கு ஊர் காட்டப்போறியள், உதவும்.”

நீக்கிலாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். ‘சூசை’ என்று சொல்ல வாய் வந்தது. அந்த நேரம் பார்த்து அரியரத்தினம் கார்த் திறப்பை ஆட்டிக்கொண்டு வந்தார். வாய் மூடிக்கொண்டது. அன்றைக்கு இரண்டாம் தரமாக அது சூசையைக் கைவிட்டது.

லொங்குய்யில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் பையைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டார். ஆனால் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் ஒரு பை காருக்குள் கிடக்க ஏலுமா? மிஞ்சிய ரோல்ஸாக்கும் என்று அல்போன்சம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி மேசையில் திறந்தாள். விளிம்பெல்லாம் மஞ்சளாகிப்போன ஒரு கலண்டர் வெளியே வந்தது.

றொசானா தாளைப் புரட்டினாள். முதலில் சும்மா புரட்டினாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டினாள். துரொம்சோ, லில்லஹாமர், றோரோஸ். அவளுடைய பட்டியலில் இருந்த அதே ஊர்கள், பன்னிரண்டும். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

“மே மாதம் பேர்கன்,” என்றாள் அல்போன்சம்மா மெதுவாக. அந்தக் கடிதங்கள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன, அவளுக்கு மனப்பாடம். “ஜூன் ஓலசுண்ட். இஞ்சருங்கோ… நீங்கள் இந்த ஊர் ஒண்டுக்கும் போகேல்லையோ?”

நீக்கிலாப்பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி ஒளிக்க இடமில்லை. “இல்லை,” என்றார். “மீன் வெட்டினனான். ரெண்டு வருசமும்.”

அவர் எதிர்பார்த்த இடி விழவில்லை. றொசானாவுக்குச் சிரிப்புக் கூட வந்தது. “வ்ரேமோ அப்பா? உண்மையாவோ? கலண்டரைப் பாத்தே?” என்றாள். அல்போன்சம்மா தலையில் கையை வைத்தாள். “என்ர அப்பா செத்தும் போனார், மருமகன் ஊர் சுற்றின கதையைச் சொல்லிச் சொல்லி.” அவளுக்கும் உதட்டோரம் துடித்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை வருடம் என்று நீக்கிலாப்பிள்ளைக்கு மூச்சு வந்த நேரத்தில், றொசானா டிசம்பரைப் புரட்டினாள்.

“இது உங்கட எழுத்தெல்லோ? சூசை, சூசை, சூசை… இதென்னப்பா?”

அதையும் சொன்னார். கத்தி, கட்டு, பத்தொன்பது நாள், வெடித்த கால். சொல்லச் சொல்ல இரண்டு முகத்திலும் சிரிப்பு வடிந்துகொண்டு போனது. இன்றைக்கு வந்தவரின் பெயர் சூசைப்பிள்ளை என்று அரியரத்தினம் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

“ஊர் பாக்காட்டிப் பரவாயில்லை அப்பா,” என்றாள் றொசானா. “அந்த அங்கிளை ஏன் தெரியாதெண்டு சொன்னீங்கள்?”



“நான் உந்த ஊருகளையா கலியாணம் கட்டினனான்?” அல்போன்சம்மா கலண்டரை மூடினாள். “வருசம் முழுக்க எனக்கு எழுதினியள். ஒரு கடிதத்திலயாவது அந்த மனுசன்ர பேர் இருந்துதோ?” எழும்பி அறைக்குப் போய்விட்டாள். அவள் கோபித்துக் கதவை அடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சத்தமில்லாமல் சாத்தினாள்.

அன்றிரவு நீக்கிலாப்பிள்ளை தூங்கவில்லை. பொய் சொன்னதற்கு வெட்கமில்லை, அது பழகிப்போன சட்டை. தன்னைக் கண்டு துள்ளிக்கொண்டு வந்தவனின் விரித்த கை இறங்கியதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவன் காட்டிக்கொடுத்திருக்கலாம், ஒரு வசனம் போதும். அவன் குடை கொண்டுபோகச் சொன்னான்.

விடிந்ததும் கலண்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மஞ்சள் லைன் மெட்ரோவில் ஏறினார். ஓரஞ்ச் லைனுக்கு மாறி, பஸ் பிடித்து, உருகின பனிச் சேற்றில் நடந்து, கார்ட்டியர்வில்லில் அரியரத்தினத்தின் வீட்டு மணியை அடித்தார். வழி முழுக்க, “டேய் சூசை, மன்னிச்சுக்கொள்ளடா” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். “போடா விசரா” என்று சூசை சொல்லுவான். முதுகில் ஒன்று போடுவான். அத்தோடு சரி.

அரியரத்தினம் கதவைத் திறந்தார். மனைவியும் எட்டிப் பார்த்தாள். உள்ளே சூசைப்பிள்ளை குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

“அரியம்,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. பலமாகத்தான் சொன்னார், அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று. “இவன் என்ர கூட்டாளி. வார்டோவில ரெண்டு பேரும் ஒரு அறையில இருந்து மீன் வெட்டினனாங்கள். நான் ஒஸ்லோவில இருக்கேல்லை. ஒரு ஊரும் பாக்கேல்லை. நேற்றுச் சனத்துக்கு முன்னால இவனைத் தெரியாதெண்டு பொய் சொன்னனான்.” பிறகு திரும்பி, “டேய் சூசை, மன்னிச்சுக்கொள்ளடா,” என்றார். 

அரியரத்தினம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

சூசைப்பிள்ளை கேத்தலை வைத்துவிட்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. நேற்றைய சிரிப்பும் இல்லை.

“அதெல்லாம் பெரிய விசயமில்லை,” என்றார். “எனக்கு விளங்கினதுதானே. நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை. வாங்கோ, இருங்கோ. குளிருக்க வந்திருக்கிறியள்.”

நீக்கிலாப்பிள்ளை இருந்தார். கலண்டரை மேசையில் வைத்தார். சூசைப்பிள்ளை அதைத் தொடவில்லை. உள்ளே போய், ஒரு தட்டில் பிஸ்கட், கிண்ணத்தில் சீனி, சாசரோடு தேநீர்க் கோப்பை என்று விருந்தாளிக்கு வைப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். கரண்டியை எடுத்தார். சீனிக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்.

“சீனி எவ்வளவு போடுறனீங்கள்?”

நீக்கிலாப்பிள்ளைக்குக் கண் மறைத்தது. இருபது வருடமாக அவர் சீனி தொட்டதில்லை.

“மூண்டு,” என்றார்.

சூசைப்பிள்ளை போட்டார். கலக்கிக் கொடுத்தார். தெகிட்டத் தெகிட்ட இருந்த அந்தத் தேநீரை, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், நீக்கிலாப்பிள்ளை தலை நிமிராமல் குடித்து முடித்தார்.